ஃபிராங்க்ளின் போர்க்களத்தை எந்த வரிசையில் பார்ப்பது?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில்லுக்குத் தெற்கே சுமார் 20 மைலில் இருக்கிறது ஃபிராங்க்ளின். அமெரிக்க உள்நாட்டுப் போரில், பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையும் (தென்படை) ஒன்றிய அரசின் படையும் (வடபடை) இங்கே மோதின. வருகிறவர்கள் பெரும்பாலும் நேரே, சண்டையின் நடுவே சிக்கிய கார்ட்டர் குடும்பத்தின் வீட்டில் போய் இறங்குகிறார்கள். சுற்றிலும் கடைகளும் குடியிருப்புகளும். "போர்க்களம் எங்கே?" என்ற கேள்வியோடு திரும்புகிறார்கள்.

முதலில் வின்ஸ்டெட் குன்றில் ஏறுங்கள். 1864 நவம்பர் 30 அன்று தென்படைத் தளபதி ஜான் பெல் ஹுட் நின்று பார்த்த இடம் அது. வடக்கே ஊர் வரைக்கும் 2 மைல். அன்று அது ஒதுங்க இடமில்லாத வெட்டவெளி. மாலை 4 மணிவாக்கில் சுமார் 20,000 பேர் அதைக் கடந்து போனார்கள். அந்தத் தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்டு, கொலம்பியா அவென்யூ வழியே அவர்கள் போன திசையிலேயே வண்டியை ஓட்டுங்கள்.

வடபடை தன் இரண்டு பிரிகேடுகளை (படைப்பிரிவுகளை) முதன்மை அரணுக்கு அரை மைல் முன்னால் நிறுத்தியிருந்தது. அவை சிதறிப் பின்வாங்கி ஓடியபோது, துரத்தியவர்களும் கூடவே வந்துவிட்டார்கள். தம் ஆட்கள் குறுக்கே ஓடிவந்ததால் அரணில் இருந்தவர்களால் சுட முடியவில்லை. சாலை அரணுக்குள் நுழையும் இடத்தில், கார்ட்டர் வீட்டருகே, வடபடையின் அணி உடைந்தது. பின்னால் இருந்த வடபடைக் கர்னல் ஆப்டைக்கின் பிரிகேடு பாய்ந்து வந்து அதை அடைத்தது. இந்தக் கணக்கு மனதில் இருந்தால்தான் வீட்டைப் பார்ப்பதில் பொருள் உண்டு.

அங்கே அதிக நேரம் கொடுக்க வேண்டியது பண்ணை அலுவலகத்துக்கு. சின்ன மரக்கட்டடம், பலகையெங்கும் குண்டுத் துளைகள். உள்ளே போய் நின்றால் துளை வழியே வெளிச்சம் ஊசி ஊசியாக இறங்கும். வீடு, அலுவலகம், புகையறை மூன்றிலும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் துளைகள். கார்ட்டர் குடும்பம் நிலவறையில் ஒடுங்கிக் கிடந்தது. அந்த வீட்டு மகன் டாட் கார்ட்டர் தென்படையில் வந்தவர். வீட்டருகே குண்டடிபட்டு, டிசம்பர் 2 அன்று வீட்டிலேயே இறந்தார்.

•

மேலே சொன்ன வரிசைதான் சரி. அடுத்து கார்ன்டன் மாளிகை. போர் இரவில் அது மருத்துவமனை ஆனது. மாடி அறைத் தரையில் இரத்தக் கறை இன்னும் கருத்துக் கிடக்கிறது. அந்த ஒரு போரில் தென்படையின் ஆறு ஜெனரல்கள் மாண்டார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல்களைப் பின்தாழ்வாரத்தில்தான் கிடத்தினார்கள்.

பக்கத்து இடுகாட்டில் ஏறத்தாழ 1,500 தென்படை வீரர்கள் இருக்கிறார்கள். களத்தில் அவசரமாகப் புதைத்தவர்களை 1866-இல் தோண்டியெடுத்து இங்கே மாற்றினார்கள். மாநிலவாரியாகப் பிரித்திருப்பதால் பெயர் தேடுவதற்கு முன் வீரரின் மாநிலம் தெரிந்திருக்க வேண்டும். வடபடையினரை இங்கே தேடிப் பயனில்லை. அவர்களை மர்ஃப்ரீஸ்பரோவின் ஸ்டோன்ஸ் ரிவர் தேசிய இடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாளிகையை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். அடிமைகள் வாழ்ந்த வீடு வளாகத்திலேயே நிற்கிறது. ஊர்ச் சதுக்கத்தில் 1899-இன் தென்படைச் சிலைக்கு அருகே, வடபடையில் போரிட்ட கறுப்பின வீரர்களுக்கு 2021-இல் சிலை வைத்தார்கள். இரண்டையும் ஒருசேரப் பார்ப்பது மிக அவசியம்.

•

நடைமுறைக்குச் சில. கார்ட்டர் வீட்டுக்கும் கார்ன்டனுக்கும் சேர்த்து ஒரே சீட்டு வாங்கலாம். கார்ட்டர் வீட்டுக்கு எதிரே இருக்கும் லாட்ஸ் வீட்டுக்குத் தனிச் சீட்டு. வழிகாட்டியோடு வீடு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் வையுங்கள். மூன்றையும் அரை நாளில் அடைத்தால் எதுவும் மனதில் நிற்காது.

கோடையில் கிரேஞ்சர் கோட்டைக்குப் போனால் ஏமாற்றம்தான். அது ஹார்பெத் ஆற்றங்கரையில் எழுப்பிய மண்கோட்டை. இலை அடர்ந்தால் மேடும் பள்ளமும் மரங்களுக்குள் மறைந்துவிடும். புல்லில் உண்ணி வேறு. முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் நவம்பர் கடைசியில் வாருங்கள். 4 மணிக்குக் கார்ட்டர் வீட்டுத் தோட்டத்தில் நில்லுங்கள். அரை மணியில் சூரியன் இறங்கிவிடும். மீதிச் சண்டை முழுக்க, எதிரே நிற்பவன் முகம் தெரியாத அந்த இருட்டில்தான் நடந்தது.