புதுப்பிப்பு: 2^(க+1) = 3^க முடிஞ்சுது

களுவாஞ்சிகுடியில தங்கச்சிக்குப் படிப்பிக்கக்குள்ள வந்த கணக்கு இது, முந்திக் கேட்டிருந்தன். க தான் தெரியாக்கணியம். அடி ரெண்டும் (2, 3) வேற வேற. "ரெண்டு பக்கமும் மடக்கை எடுங்க" (மடக்கை எண்டா log, கீழ சுருக்கமா மட) எண்டு சொன்ன அண்ணாக்கு நன்றி. சரியான வழிதான். ஆனா முதல்ல சுட்டியை (மேல இருக்கிற க+1ஐ) பிரிச்சா இன்னும் வடிவு: 2 × 2^க = 3^க. மறுகா 2^க ஆல வகுத்தா (3/2)^க = 2. இப்ப மடக்கை எடுங்க:

க = மட 2 ÷ (மட 3 − மட 2) = 0.3010 ÷ 0.1761

கிட்டத்தட்ட 1.71. கீழ இருக்கிறதை மட (3 − 2) எண்டு சுருக்கிராதீங்க, அது பூச்சியமாப் போயிரும்! மட 1.5 தான் சரி.

4^க = 8^(க−1) கேட்ட தம்பிக்கு: மடக்கை அட்டவணையே வேணாம். 4, 8 ரெண்டும் 2இன் வலு (2^2, 2^3). அடி ஒண்டானதால சுட்டிகளைச் சமப்படுத்தினா 2க = 3க − 3, க = 3. போட்டுப் பாருங்க, ரெண்டு பக்கமும் 64.