மர்பி விதி மாதிரி வேடிக்கை விதிகளில் எதற்கெல்லாம் உண்மையிலேயே கணக்கு இருக்கிறது?

குறிப்பேடு (கேள்வி)

அலுவலக இதழுக்கு ஒரு பக்கம் தயாரிக்க வேண்டும். மர்பி (தப்பாகப் போகக்கூடியது தப்பாகவே போகும்), பார்க்கின்சன், பீட்டர் என்று பட்டியல் போட்டால் நூறு தேறும், ஆனால் பாதி வெறும் புலம்பல். "நாம் நிற்காத வரிசைதான் நகரும்", "தொலைகிற சாக்ஸ் எப்போதும் ஒற்றைதான்" போன்றவற்றில் எதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது? காரணம் தெரிந்தால் தப்பிக்க வழி உண்டா? யார், எப்போது சொன்னது என்பதும் சரியாக வேண்டும். இணையத்தில் எல்லாவற்றையும் ஐன்ஸ்டைன் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

தசமப்புள்ளி

நீங்கள் சொன்ன இரண்டுக்குமே கணக்கு இருக்கிறது.

சாக்ஸில் தொடங்கலாம். பத்து ஜோடி, அதாவது 20 சாக்ஸ். அதில் ஆறு தொலைகிறது, எது தொலையும் என்பது தற்செயல். மூன்று ஜோடி முழுசாகப் போய் ஏழு ஜோடி மிஞ்சினால் அதிர்ஷ்டம். அப்படி நடக்க 120 வழிகள். ஆறும் வெவ்வேறு ஜோடியிலிருந்து போய், நாலு ஜோடியும் ஆறு ஒற்றையும் மிஞ்சுவது மோசமான முடிவு. அதற்கு 13,440 வழிகள். 112 மடங்கு! துவைக்கும் இயந்திரத்துக்கு உங்கள் மேல் பகை எதுவும் இல்லை. பரிகாரம்: எல்லாமே ஒரே நிறம், ஒரே ரகம். ஆறு தொலைந்தாலும் மிச்சம் 14, ஏழு ஜோடி.

வரிசைக்குக் கணக்கே வேண்டாம். மூன்று வரிசை இருந்து, எங்கே சிக்கல் வரும் என்று தெரியாதபோது, உங்களுடையது முதலில் முடிய வாய்ப்பு மூன்றில் ஒன்று. மூன்றுக்கு இரண்டு தடவை பக்கத்தில் எவராவது முந்துவார். எல்லாரும் ஒரே வரிசையில் நின்று, காலியாகும் கவுண்டருக்குப் போவதுதான் இதற்கு மருந்து. சராசரிக் காத்திருப்பு பெரிதாகக் குறையாவிட்டாலும் ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டு விழிப்பது நின்றுவிடும்.

பஸ்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று தோன்றும். இடைவெளி 5, 15, 5, 15 என்று மாறி மாறி வந்தாலும் சராசரி பத்துதான். ஆனால் நீங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேரும் நேரம் 15 நிமிட இடைவெளிக்குள் விழ முக்கால் பங்கு வாய்ப்பு, ஏனென்றால் அதுதான் நீளம். காத்திருப்பு 6.25 நிமிடம் ஆகிவிடும். இடைவெளி கோணலாகக் கோணலாக இது இன்னும் ஏறும். பஸ்ஸைக் கூட்டாமல் இடைவெளியைச் சமப்படுத்தினாலே போதும்.

ரொட்டி விழுந்தால் வெண்ணெய் தடவிய பக்கமே கீழே போவதை 1995-இல் ராபர்ட் மேத்யூஸ் ஓர் இயற்பியல் ஆய்விதழில் எழுதினார். 1996-இல் அதற்கு இக்நோபல் பரிசு (சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு). வெண்ணெயின் எடை காரணமே இல்லை. சுமார் 75 செ.மீ. உயர மேசையின் விளிம்பிலிருந்து சரியும் ரொட்டிக்கு அரைச் சுற்று சுற்றத்தான் நேரம் இருக்கிறது. முழுச் சுற்றுக்கு மேசை மூன்று மீட்டர் வேண்டும். சரியத் தொடங்கிவிட்டால் பிடிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் வேகமாகத் தட்டிவிடுங்கள், சுழற்சி குறையும். தட்டுக்கு நான் பொறுப்பல்ல.

கெடுத்தேதி

மேலே உள்ளவை வீட்டுக்கு. அலுவலகப் பக்கத்துக்கு மூன்று போதும் என்பது என் கட்சி.

பார்க்கின்சன் விதி, 1955, எகனாமிஸ்ட் இதழ்: இருக்கும் நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை விரியும். பலர் இதைச் சோம்பேறித்தனம் என்று படிக்கிறார்கள். அவர் எழுதியது அலுவலகம் தானாகப் பெருப்பதைப் பற்றி. 1914-க்கும் 1928-க்கும் இடையில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆயின; தலைமை அலுவலக ஊழியர்களோ 2,000-லிருந்து 3,569. அவர் தந்த காரணங்கள் இரண்டு: அதிகாரி தனக்குக் கீழே ஆள் சேர்ப்பார், போட்டியாளரைச் சேர்க்கமாட்டார், வந்த ஆட்கள் ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக்கொள்வார்கள்.

புரூக்ஸ் விதி, 1975: தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். ஐந்து பேர் என்றால் பேச்சு நடக்கும் ஜோடிகள் பத்து. மூவரைச் சேர்த்து எட்டாக்கினால் 28. போதாததற்கு, புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்களையே வேலையிலிருந்து எடுக்க வேண்டும். தனியாக வெட்டி எடுக்கக்கூடிய வேலையாக இருந்தால் இந்த விதி அவ்வளவாகக் கடிக்காது. ஆகவே ஆள் கேட்கும் முன், யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய துண்டு எது என்று எழுதிப் பாருங்கள். ஒன்றும் தேறாவிட்டால் தேதியைத் தள்ளுங்கள், அல்லது வேலையைக் குறையுங்கள்.

ஹாஃப்ஸ்டாட்டர் விதி, 1979: நினைத்ததைவிட நேரம் பிடிக்கும், இந்த விதியைக் கணக்கில் எடுத்தாலும்கூட. வேடிக்கையாக இருந்தாலும் ஆணிவேர் ஒன்று உண்டு. ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் படிகள், ஒவ்வொன்றும் நேரத்துக்கு முடிய 90% வாய்ப்பு என்றால், பத்துமே நேரத்துக்கு முடிய வாய்ப்பு 35% தான். ஒரு படி சீக்கிரம் முடிந்தால் அந்த மிச்சம் அடுத்தவருக்குப் போய்ச் சேராது (பார்க்கின்சன் தின்றுவிடுவார்). தாமதம் மட்டும் தவறாமல் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு படியிலும் உபரி நேரம் ஒளித்துவைக்காதீர்கள். மொத்தத்தையும் கடைசியில் ஒரே மூட்டையாக, எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள்.

ஸ்க்ரூடிரைவர்

எல்லாரும் மர்பியைத் தாண்டி ஓடுகிறீர்களே. அது புலம்பலாகப் பிறந்ததல்ல. 1949, எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம்: ராக்கெட் சறுக்குவண்டியில் ஜான் ஸ்டாப் குழு நடத்திய சோதனைகள். பொறியாளர் எட்வர்ட் மர்பி கொண்டுவந்த உணர்விகள் (சென்சார்கள்) தலைகீழாக இணைக்கப்பட்டிருந்ததால் அளவு எதுவும் பதிவாகவில்லை. அப்போது அவர் சொன்ன சரியான வார்த்தைகள் எவை என்பதில் அங்கிருந்தவர்களே ஒத்துப்போகவில்லை. ஆகவே மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள்.

இரண்டு விதமாக மாட்ட முடிகிற எதையும் ஒருவர் தப்பாக மாட்டியே தீருவார் என்பதுதான் சாரம். "கவனமாக மாட்டவும்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவது தீர்வாகாது. ஒன்று, தப்பாக நுழையவே முடியாதபடி வடிவத்தை மாற்ற வேண்டும். அல்லது எப்படி மாட்டினாலும் சரி என்று ஆக்க வேண்டும். சிம் கார்டின் வெட்டிய மூலை முதல் வகை, யூஎஸ்பி-சி இரண்டாம் வகை. பழைய யூஎஸ்பி இரண்டிலும் சேராது: தப்பாக நுழையாது, ஆனால் எது சரி என்றும் சொல்லாது.

குறிப்பேடு

அருமை. பீட்டர் கோட்பாட்டை விட்டுவிட்டீர்களே? யார் பெயரில் போடுவது என்ற கேள்வியும் நிற்கிறது.

தசமப்புள்ளி

லாரன்ஸ் பீட்டர், ரேமண்ட் ஹல் இருவரும் எழுதியது, 1969. திறமைக்குப் பதவி உயர்வு தந்துகொண்டே போனால், ஒருவர் தனக்குத் திறமை இல்லாத படியில் வந்து நிற்பார். இத்தாலியின் கட்டானியா பல்கலைக்கழகக் குழு இதைக் கணினியில் பாவனை செய்து, குலுக்கல் முறையில் உயர்வு தந்தாலே நிறுவனம் மேலாக ஓடும் என்று காட்டி 2010-இல் இக்நோபல் வாங்கியது. கீழ்ப்படித் திறமை மேல்படிக்கு உதவாது என்ற அனுமானத்தில்தான் அது செல்லும். அதையும் எழுதிவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் குட்ஹார்ட் விதியில் கவனம். 1975-இல் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்னது பணக் கொள்கை பற்றி. "அளவீடே இலக்கானால் அது நல்ல அளவீடாக இராது" என்ற பிரபலமான வடிவம் 1997-இல் மெரிலின் ஸ்ட்ராத்தர்ன் தந்தது. இதற்கே ஸ்டிக்லர் விதி உண்டு (1980): எந்தக் கண்டுபிடிப்பும் கண்டுபிடித்தவர் பெயரைத் தாங்காது. அதை முதலில் சொன்னவர் ராபர்ட் மெர்டன் என்று ஸ்டிக்லரே எழுதினார்.

கெடுத்தேதி

இடம் போதாவிட்டால் சாக்ஸ், பஸ், புரூக்ஸ் மூன்றையும் வையுங்கள். பீட்டரைப் போடுவதற்கு முன், அந்தப் பக்கத்துக்கு ஒப்புதல் தருபவர் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.