ஆங்கிலக் கட்டுரையில் இலக்கணப் பிழைக்கு எவ்வளவு மதிப்பெண் குறைப்பது?

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். கட்டுரை திருத்துவதில் சிக்கி நிற்கிறேன். ஒரு மாணவி கதையை ஆழமாகப் படித்து, தன் கருத்துக்கு ஆதாரமான வரிகளைச் சரியாக எடுத்துக் காட்டுகிறாள். ஆனால் வினைச்சொல்லின் காலம் வரிக்கு வரி தவறுகிறது. இன்னொருவன் பிழையே இல்லாமல் கதைச்சுருக்கம் மட்டும் எழுதுகிறான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வருகிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

கருத்து, ஆதாரம், அமைப்பு, மொழி என்று பிரித்து, தலா 5 வீதம் 20-க்குப் போடுகிறேன். இந்த அட்டவணையைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் கொடுத்து, மாதிரிக் கட்டுரைகளை அவர்களையே மதிப்பிடச் சொன்னேன். பெயரை மறைத்தும் திருத்திப் பார்த்தேன். அப்புறம் சக ஆசிரியரோடு சேர்ந்து திருத்தினோம். மொழியில் மட்டும்தான் விலகுகிறோம்: அவர் ஒவ்வொரு பிழைக்கும் குறைக்கிறார், நான் பொருள் புரியாத இடத்தில் மட்டும். ஒரே வகைப் பிழை திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் கழிக்கலாமா என்றும் பேசினோம், முடிவாகவில்லை.

பருவ இறுதிக் கட்டுரை அடுத்த மாதம். அதற்குள் மாணவர்களிடம் விதியைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் வகுப்பில் மொழிக்கு மொத்தத்தில் எவ்வளவு பங்கு வைத்து, பிழைகளை எந்த விதிப்படி கழிக்கிறீர்கள்?