டேங்க் நிரப்பினால் காருக்குள் பெட்ரோல் வாடை: கசிவு எங்கே?

கோவையில் ஓடும் 2013 மாடல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர் பெட்ரோல், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ எஞ்சின், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தீபாவளிக்கு அப்புறம் வண்டிக்குள் பெட்ரோல் வாடை. டேங்கை நிரப்பிய அன்றும் மறுநாளும் கடுமையாக இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் வாடையே இல்லை. பின்சீட்டில்தான் அதிகம். வெயிலில் நிறுத்தி எடுத்தால் கண் எரிகிறது. குழந்தை உட்காரும் இடம் அது என்பதால் இப்போது வண்டியை எடுப்பதே இல்லை.

மைலேஜ் குறையவில்லை. செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. நிறுத்திய இடத்தில் தரையில் ஒரு சொட்டுகூடக் கிடையாது.

டேங்க் மூடியை ரப்பரோடு புதிதாக மாற்றினேன், பலனில்லை. பிறகு மெக்கானிக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளை (ரப்பர் வளையங்களை) மாற்றி, எஞ்சின் ஓடும்போதே இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் ஃப்யூயல் ரெயிலையும் ஹோஸ்களையும் பார்த்தார். பானெட் பக்கம் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் குழாய் டேங்கோடு சேரும் இடத்தையும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தாயிற்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் பழைய ரப்பர் கெட்டிருக்கலாம் என்பது அவர் கணிப்பு.

மிச்சம் டேங்கின் மேலே இருக்கும் பம்ப்பின் சீலும் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), ஆவியைப் பிடித்து வைக்கும் கரி கேனிஸ்டரும். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் வருவதால் எனக்கு சீல் மேல்தான் சந்தேகம். ஆனால் பம்ப்பை எட்டிப் பார்க்கப் பின்சீட்டுக்கு அடியில் திறப்பு இல்லை, டேங்கையே கழற்றி இறக்க வேண்டும்.

டேங்கை இறக்காமலே கசிவு பம்ப் சீலிலா, கேனிஸ்டரிலா என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?