கடிதத்தில் பிரின்ஸ்டன், வரிப் படிவத்தில் பிளெய்ன்ஸ்பரோ: புதிதாக வருவோர் கவனத்துக்கு

மத்திய நியூ ஜெர்சியில் வேலை கிடைத்து, ரூட் 1 நெடுஞ்சாலை ஓரமாக வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாடகை, பள்ளி, மளிகைக் கடை பற்றிப் பலரும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். தாம் குடியேறப்போகும் டவுன்ஷிப், அதாவது உள்ளாட்சிப் பகுதி, எது என்று விசாரிப்பவர்கள்தான் குறைவு.

என் அனுபவத்தையே சொல்கிறேன். முதல் வீட்டின் முகவரியில் பிரின்ஸ்டன் என்ற பெயரும் 08540 என்ற அஞ்சல் எண்ணும் இருந்ததால், பிரின்ஸ்டனில் குடியிருப்பதாகவே ஓராண்டுக் காலம் நம்பியிருந்தேன். மாநில வருமான வரிப் படிவத்தில் கவுண்டியையும் (பல ஊர்கள் அடங்கிய, நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவு) ஊரையும் குறிக்கும் நான்கு இலக்க எண்ணைக் கேட்டார்கள். பட்டியலில் பிரின்ஸ்டனைத் தேடி, 11 என்று தொடங்கும் எண்ணை எழுதினேன். அது மெர்சர் கவுண்டிக்கு உரியது. நான் எழுதியிருக்க வேண்டியது மிடில்செக்ஸ் கவுண்டியின் பிளெய்ன்ஸ்பரோ டவுன்ஷிப்புக்கு உரிய 1218. நியூ ஜெர்சியில் ஊர்வாரியான வருமான வரி கிடையாது என்பதால் கட்ட வேண்டிய தொகை மாறவில்லை. ஆனால் பள்ளிச் சேர்க்கை, நூலக அட்டை, கவுண்டி அலுவலக வேலை ஆகியவற்றில் அதே குழப்பம் வந்திருந்தால் அரை நாள் வீணாகியிருக்கும். அஞ்சல் நிலையம் எந்தப் பெயரில் கடிதம் கொடுக்கிறது என்பதும், எந்த உள்ளாட்சியின் எல்லைக்குள் நம் வீடு இருக்கிறது என்பதும் இங்கே இரு வேறு கணக்குகள்.

பிளெய்ன்ஸ்பரோ சுமார் 12 சதுர மைல் பரப்புள்ள சிறிய டவுன்ஷிப். கிரான்பரி, தெற்கு பிரன்ஸ்விக் என்ற இரண்டு டவுன்ஷிப்புகளிலிருந்து நிலத்தைப் பிரித்தெடுத்து, மக்கள் வாக்கெடுப்புக்குப் பிறகு 1919-இல் உருவாக்கப்பட்டது. மேற்கிலும் தெற்கிலும் மில்ஸ்டோன் ஆறு ஏறக்குறைய எல்லைக்கோடாகவே ஓடுகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெர்சர் கவுண்டி, இந்தப் பக்கம் மிடில்செக்ஸ். ஒரு பாலத்தைக் கடந்தாலே கவுண்டி மாறிவிடும். கவுண்டித் தலைநகரும் ட்ரென்டன் போய் நியூ பிரன்ஸ்விக் என்றாகிவிடும்.

இன்று வரிசை வரிசையாக அபார்ட்மெண்டுகள் நிற்கும் இந்த இடம் ஒரு காலத்தில் மாட்டுப் பண்ணை என்றால் புதிதாக வந்தவர்கள் நம்ப மாட்டார்கள். வாக்கர்-கார்டன் நிறுவனம் 1897-இல் இங்கே பால் பண்ணை தொடங்கியது. அதை நடத்திய ஹென்றி ஜெஃபர்ஸ், 1930-இல் 'ரோட்டோலாக்டர்' என்ற சுழலும் கறவை மேடையை அமைத்தார். ராட்டினம்போல் மெதுவாகச் சுற்றும் வட்ட மேடையில் ஒரே நேரத்தில் 50 பசுக்கள் நிற்கும். மேடை ஒரு சுற்றை முடிப்பதற்குள் கறவை முடிந்து, பசு இறங்கி, அடுத்தது ஏறிவிடும். அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் வந்து போனார்கள். போர்டன் பால் நிறுவன விளம்பரங்களின் மூலம் நாடெங்கும் பெயர் பெற்ற 'எல்ஸி' என்ற பசுவும், 1941-இல் லாரி விபத்தில் அடிபட்ட பிறகு இங்கேதான் புதைக்கப்பட்டது. பசுவுக்கு நினைவுக்கல் வைத்த ஊர் என்ற ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த ஊரின்மேல் தனிப் பிரியம்.

பண்ணை 1971-இல் மூடப்பட்டது. 1970-இல் இங்கே வாழ்ந்தவர்கள் 1,648 பேர். 2020 கணக்கெடுப்பில் 24,084 பேர். 1970-களில்தான் ஒருபுறம் பெரிய அபார்ட்மெண்ட் வளாகங்கள் எழுந்தன. மறுபுறம் ரூட் 1 ஓரத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் ஃபாரஸ்டல் சென்டர் என்ற அலுவலகப் பகுதி வளர்ந்தது. நம்மவர்கள் வந்து இறங்கியதும் முதல் வீடு பார்க்கும் ஃபாக்ஸ் ரன், ஹண்டர்ஸ் கிளென் போன்றவை அந்த அலையின் மிச்சமே. சுற்றியுள்ள ஊர்களில் தனி வீடுகளே மிகுந்திருக்க, இங்கு மட்டும் வாடகை வீடுகள் இவ்வளவு இருப்பதற்கும், கட்டடங்கள் சற்றுப் பழமையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்.

பள்ளிகளைப் பக்கத்து டவுன்ஷிப்பான வெஸ்ட் விண்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் சேர்ந்து ஒரே பள்ளி மாவட்டமாக நடத்துகின்றன. உயர்நிலைப் பள்ளிகள் இரண்டு உள்ளன. எது உங்களுக்கு என்பதைத் தெருவை வைத்தே தீர்மானிப்பார்கள் என்பதால், லீஸில் கையெழுத்திடுமுன் பள்ளி மாவட்ட அலுவலகத்தில் முகவரியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நியூயார்க்குக்கு ரயிலில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தண்டவாளம் பிளெய்ன்ஸ்பரோ வழியாகச் சென்றாலும் ஊருக்குள் நிலையம் இல்லை. பிரின்ஸ்டன் ஜங்ஷன் நிலையம் இருப்பது வெஸ்ட் விண்ட்சரில். அங்குள்ள கார் நிறுத்துமிடங்களில் சில அந்த டவுன்ஷிப்வாசிகளுக்கு மட்டுமே உரியவை. வாகன நிறுத்த அனுமதிக்கு அலையும்போதுதான் பலருக்கு டவுன்ஷிப் எல்லை என்பது என்னவென்று புரிகிறது.

நிலம் தட்டையானது. டெவில்ஸ் புரூக், கிரான்பரி புரூக் என்ற ஓடைகள் குறுக்கே ஓடி மில்ஸ்டோனில் கலக்கின்றன. பெருமழைக் காலத்தில் ஆறு கரை மீறினால் அதை ஒட்டிய சாலைகளை மூடிவிடுவார்கள். தரைத்தளத்தில் வீடு எடுப்பவர்கள், குறிப்பாக ஓடைக்கு அருகில் எடுப்பவர்கள், மத்திய அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் அந்த முகவரியை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அதற்குச் செலவு எதுவும் இல்லை.

டவுன்ஷிப்பை நடத்துவது ஐந்து பேர் கொண்ட குழு. மேயரை அவர்களே தமக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். வாக்களிக்கக் குடியுரிமை வேண்டும் என்றாலும், கூட்டங்களுக்குப் போய் உட்கார விசா தடையில்லை. வீட்டுத் தரகரிடம் இனி "எந்த ஊர்?" என்று கேட்காதீர்கள், அவர் பிரின்ஸ்டன் என்றுதான் சொல்வார், "எந்த டவுன்ஷிப், எந்தக் கவுண்டி?" என்று கேளுங்கள்.