பழைய பாமினி கட்டுரைகளை என்விடிஏ "ஜே கே பி ஓ" என்று வாசிக்கிறது. உதவி தேவை

திண்ணைக்காரன்:
எங்கள் ஊரில் 2004 முதல் 2009 வரை வந்த ஒரு சிற்றிதழை இணையத்தில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அப்படியே ஏற்றிவிட்டேன். பிறகு சேர்த்தவை யூனிகோட், எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு. எனக்கு வரலாறு எடுத்த வாத்தியாருக்கு இப்போது பார்வை முழுதாகப் போய்விட்டது. திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ மென்பொருளை அவர் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். பழைய கட்டுரையில் "தமிழ்" வரும் இடத்தில் "ஜே கே பி ஓ" என்று ஒப்பிக்கிறது. புதிய கட்டுரையில் 1967, 1998 என்று ஆண்டுகளை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. "கெட்டுப்போன ரேடியோ மாதிரி இருக்கே தம்பி" என்கிறார். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் இறக்கியாச்சு. என்விடிஏவை அழித்து மறுபடி நிறுவியும் பார்த்தாச்சு. கோளாறு எங்கே?

பைட்பாண்டி:
ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதையும் எல்லாருக்கும் ஏற்றதாக மாற்றித் தரும் விட்ஜெட் இருக்கிறது. ஓரத்தில் சக்கர நாற்காலிப் பொம்மை வருமே, அதுதான். மாதக் கட்டணம் உண்டு.

கேட்டுப்படிப்பவன்:
பாண்டி, கோபிக்க வேண்டாம், நான் தினமும் என்விடிஏவில்தான் படிக்கிறேன். அந்தப் பொம்மை வந்தால் முதலில் அதை மூட வழி தேடுவேன். இப்படி விற்ற ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவில் நுகர்வோரைக் காக்கும் அரசு ஆணையமான எஃப்டிசி 2025 ஜனவரியில் 10 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. சொன்னதைச் செய்யாத பொருள் என்று. அதுவும் இவருடைய சிக்கல் எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. மேலே எதைப் பூசினாலும் போகாது.

திண்ணை, உங்களுக்கு இரண்டு கோளாறு.

பாமினியில் தமிழ் எழுத்தே கிடையாது. கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவம் வரைந்திருக்கிறார்கள். பார்க்கிற கண்ணுக்குத் தமிழ், வாசிக்கிற கருவிக்கு ஜே கே பி ஓ. கூகுளுக்கும் அதேதான், தேடிப் பாருங்கள், உங்கள் பழைய இதழில் ஒரு வரிகூட அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

புதிய கட்டுரை ஊமையாவது வேறு காரணம். பக்கத்தின் மூலநிரலில் முதல் எச்டிஎம்எல் குறியைப் பாருங்கள். லாங் என்ற இடத்தில் 'ஈஎன்' என்று இருக்கும், பந்தயம். "இது ஆங்கிலப் பக்கம்" என்று நீங்களே சொன்னால் என்விடிஏ ஆங்கிலக் குரலைத்தான் கூப்பிடும். அதற்குத் தமிழ் எழுத்து தெரியாது, எண்ணை மட்டும் படிக்கும். 'டிஏ' என்று மாற்றுங்கள். இணையத்தை எல்லாரும் பயன்படுத்த வகைசெய்யும் விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜியில் 3.1.1, மிக அடிப்படையான 'ஏ' நிலை விதி இது. கூடவே என்விடிஏவில் குரல் பொறியாக, விண்டோஸில் இறக்கிய குரல்களைப் பேசவைக்கும் விண்டோஸ் ஒன்கோரைத் தேர்ந்து, பேச்சு அமைப்பில் மொழியைத் தானாக மாற்றும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள்.

திண்ணைக்காரன்:
ஈஎன் தான்! வார்ப்புருவோடு வந்தது, 12 வருஷமாகக் கவனிக்கவில்லை. மாற்றினேன், வள்ளுவர் பேசிவிட்டார். ஆனால் பழையவற்றை, பாமினியை யூனிகோடாக்கும் என்எச்எம் மாற்றியில் மொத்தமாகப் போட்டதில், ஆங்கிலப் புத்தகப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் ஏதோ புரியாத தமிழாகிவிட்டன.

நூல்கட்டு:
நானும் இதே குழியில் விழுந்தவன். பக்கத்தை முழுசாக மாற்றாதீர்கள். பாமினி என்று ஃபான்ட் குறி போட்ட பகுதிக்குள் உள்ளதை மட்டும் எடுத்து மாற்றுங்கள், மாற்றியதும் அந்தக் குறியைத் தூக்கிவிடுங்கள். மூலத்தை ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

கேட்டுப்படிப்பவன்:
மாற்றும்போதே தலைப்புகளையும் கவனியுங்கள். தடித்த பெரிய எழுத்தாக இருந்தால் எனக்கு அது தலைப்பு இல்லை, இன்னொரு வரி, அவ்வளவுதான். எச்2, எச்3 குறி இருந்தால் 'எச்' விசையைத் தட்டித் தட்டிக் கட்டுரை கட்டுரையாகத் தாவலாம். அட்டைப் படங்களுக்கு ஆல்ட் என்ற பட விளக்க இடத்தில் ஒரு வரி எழுதுங்கள். "படம்" என்று மட்டும் எழுதுவதற்கு எழுதாமலே விடலாம்.

திண்ணைக்காரன்:
முதல் ஆண்டு இதழ்கள் முடிந்தன. வாத்தியார் நேற்று ராத்திரி கேட்டுவிட்டுக் காலையிலேயே போன் செய்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மூணாவது கதையில் கெ-ள-ர-வம்னு படிக்குது, யார்றா பிழை திருத்தினது?" பாமினியில் ஔகாரக் குறிக்கு ள-வின் உருவத்தைத்தானே போட்டோம்? எல்லா 'ெள'வையும் ஒரே தட்டில் 'ௌ' ஆக்கிவிடட்டுமா?

நூல்கட்டு:
ஐயோ, வேண்டாம்! வெள்ளம், தெளிவு, மெள்ள எல்லாம் சிதைந்துவிடும். கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

திண்ணைக்காரன்:
நல்லவேளை கேட்டேன். ஐந்தாவது இதழில் கெளுத்தி மீன் பற்றி நான்கு பக்கக் கட்டுரை இருக்கிறது.