கணிதப் பட்டத்துக்கு நான்கு ஆண்டு கொடுக்கலாமா?

உப்புவெளித் தகப்பன் கேட்கிறார்:

என் மகள் க.பொ.த. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் தோற்றி, இணைந்த கணிதத்தில் ஏ சித்தியும் மற்றைய இரு பாடங்களிலும் சி சித்தியும் பெற்றிருக்கிறாள். பொறியியலுக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் அவளுடைய இசட் புள்ளி போதாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ பௌதிக விஞ்ஞானம் கிடைக்கக்கூடும், அங்கே கணிதத்தையே சிறப்பாகப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. என் மைத்துனரோ, கணிதம் படித்தால் ஆசிரியர் வேலைதான், அதற்கும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லி, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டத்துக்கு 28 இலட்சம் ரூபா கட்டச் சொல்கிறார். அதற்கு நிலாவெளி வீதியில் இருக்கும் எங்கள் காணித்துண்டை விற்க வேண்டிவரும். செலவையும் பின்னர் கிடைக்கக்கூடிய வேலையையும் சேர்த்துப் பார்த்தால் எது சரி?

மூதூர் ஆசிரியர் எழுதுகிறார்:

ஐயா, அரச பல்கலைக்கழகத்தில் முதற் பட்டத்துக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. செலவு முழுவதும் தங்குமிடமும் சாப்பாடும் பயணமும்தான். மாதம் 25,000 ரூபா என்று வைத்தால் 48 மாதத்துக்கு 12 இலட்சம் வரும். மஹாபொல என்ற மாதாந்த அரச உதவித்தொகை கிடைத்தால் அதில் ஒரு பகுதி குறையும். 2025 வரவு செலவுத் திட்டம் அந்த உதவித்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தியது. கொழும்பில் 28 இலட்சம் கட்டினாலும் அறை வாடகையும் சாப்பாடும் அதற்கு மேல்தான் வரும் என்பதை மைத்துனர் கணக்கில் சேர்த்தாரா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆனால் பணத்தைவிடக் காலம்தான் அதிகம் போகும். 2024 மே மாதம் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. நான் சிறப்புப் பட்டம் முடித்து நியமனக் கடிதம் கையில் கிடைக்க இரண்டரை ஆண்டு சென்றது. அந்த நாட்களில் ஒரு வீட்டு விறாந்தையில் வெள்ளைப் பலகை மாட்டிப் பதினொரு பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வகுப்பு வருமானம் பின்னர் கிடைத்த ஆரம்பச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கவில்லை. நம் திருகோணமலை மாவட்டத்தின் கிராமப் பாடசாலைகளில் உயர்தரக் கணித ஆசிரியர் இல்லாத குறை இன்றும் இருக்கிறது. அது பிள்ளைகளுக்கு இழப்பு, பட்டதாரிக்கு வாய்ப்பு.

இன்னொன்றையும் மகளிடம் கேளுங்கள். பல்கலைக்கழகக் கணிதம் கடந்தகால வினாத்தாள் செய்வதைப் போன்றதல்ல. முதல் ஆண்டு மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில், ஒரு தொடரி, அதாவது வரிசையாக வரும் எண்கள், ஓர் எல்லையை அணுகுகிறது என்று விடை சொன்னால் போதாது. எப்சிலன் என்ற நேர் இடைவெளி எவ்வளவு சிறிதானாலும் அதற்கேற்ற ஓர் உறுப்பு எண்ணைக் கண்டு, அதற்கப்பால் எல்லா உறுப்புகளும் அந்த இடைவெளிக்குள் அடங்கும் என்று, அதுவும் ஆங்கிலத்தில், நிறுவ வேண்டும். கணக்குச் செய்வதில் கெட்டியாக இருந்த என் வகுப்பினர் சிலர் அங்கேதான் தடுமாறினார்கள். இரண்டு பக்க நிறுவலை அலுக்காமல் படிப்பாளானால் அவளை மறிக்க வேண்டாம்.

தரவுப் பணியாளர், கொழும்பு:

திருகோணமலையில் படித்து, கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்று, இப்போது ஒரு காப்புறுதித் துறை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆசிரியர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் தூய கணிதத்தை மட்டும் எடுத்து, மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருபவருக்கும், புள்ளிவிபரவியலையும் கணினி விஞ்ஞானத்தையும் சேர்த்து நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டம் பெறுபவருக்கும் கொழும்பில் கிடைக்கும் நேர்முகத் தேர்வு அழைப்புகள் ஒரே அளவில் இருப்பதில்லை. என்னிடம் நேர்முகத்தில் தேற்றம் எதையும் கேட்கவில்லை. ஒழுங்கற்ற ஓர் அட்டவணையைக் கொடுத்து, பைதன் என்ற கணினி மொழியில் சுத்தம் செய்து, காப்புறுதி எடுத்தவர்களில் யார் விலகக்கூடும் என்று சொல்லச் சொன்னார்கள். சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு முதல் ஆண்டுகளின் பெறுபேற்றை வைத்தே நடக்கும் என்பதால், முதல் ஆண்டை விளையாட்டாக விட முடியாது.

காப்புறுதி இடர்களைக் கணிக்கும் அக்சுவரி ஆவதற்கான பரீட்சைகளைப் பற்றியும் சிலர் சொல்லுவார்கள். வருமானம் நல்லதுதான், ஆனால் பிரித்தானிய நிறுவகத்தின் பரீட்சைக் கட்டணம் பவுணில் அறவிடப்படுகிறது. 2022 இல் ரூபா சரிந்தபோது நான் இரண்டாவது தாளை ஒத்திவைத்தேன், இன்னும் எழுதவில்லை.

விண்ணப்பப் படிவத்தில் விருப்பத் தெரிவு ஒழுங்கையும் கவனியுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கைத்தொழிற் புள்ளிவிபரவியலும் கணித நிதியியலும் என்ற தனிப் பாடநெறி உண்டு. மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பார்த்து, வாய்ப்பிருந்தால் அதை மேலே போடுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த தெரிவுக்குத் தானாகப் போய்விடும், இழப்பில்லை.

உப்புவெளித் தகப்பன்:

இருவருக்கும் நன்றி. நேற்றிரவு மகள் இதை வாசித்துவிட்டு, எப்சிலன் என்றால் என்ன என்று கைப்பேசியில் தேடி, சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் அரை மணித்தியாலம் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். காணியை இப்போதைக்கு விற்பதில்லை என்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கோபம்தான். ஆசிரியரே, முதல் ஆண்டு தொடங்கும்வரை ஆங்கிலத்தில் கணிதம் வாசித்துப் பழக எந்தப் பாடப்பகுதியிலிருந்து தொடங்கலாம்?